மினி-ஐடிஎக்ஸ் தாய்ப்பலகையின் வரலாறு

மினி-ஐடிஎக்ஸ் என்பது 17 செ.மீ. நீளமும் 17 செ.மீ. அகலமும் கொண்ட கணினித் தாய்ப்பலகை அளவுமுறை ஆகும். தைவானைச் சேர்ந்த வியா டெக்னாலஜிஸ் நிறுவனம் 2001 நவம்பரில் இதனை அறிமுகப்படுத்தியது. ஜியாமெட்ரி பெட்டியிலுள்ள 15 செ.மீ. அளவுகோலைத் தாளில் வைத்து, இன்னும் 2 செ.மீ. நீட்டி ஒரு சதுரம் வரைந்து பாருங்கள். அவ்வளவுதான் இதன் பரப்பு. இன்று சிறிய பெட்டிக்குள் தாமே மேசைக்கணினி அமைப்போரில் பெரும்பாலோர் இந்தச் சதுரத்திலிருந்தே தொடங்குகின்றனர்.

1995 இல் இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் அளவுமுறையை வெளியிட்டது. அதன் முழு அளவுப் பலகை 30.5 செ.மீ. நீளமும் 24.4 செ.மீ. அகலமும் உடையது. ஒலிக்கு ஓர் அட்டை, மோடத்துக்கு ஓர் அட்டை, வலையிணைப்புக்கு ஓர் அட்டை என ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செருக வேண்டியிருந்த காலம் அது. எனவே அந்த அகலம் தேவைப்பட்டது. சில ஆண்டுகளில் இவற்றில் பல, சில்லுகளாகச் சுருங்கித் தாய்ப்பலகையிலேயே அமர்ந்துவிட்டன. செருகுவாய்கள் காலியாகக் கிடந்தன. பெட்டி மட்டும் பழைய அளவிலேயே நின்றது. இன்டெல் 1997 இல் மைக்ரோ-ஏடிஎக்ஸ், 1999 இல் ஃபிளெக்ஸ்-ஏடிஎக்ஸ் எனப் படிப்படியாகக் குறைத்தது. ஆயினும் கடைகளில் பெரிய பெட்டிகளே விற்றன.

வியா நிறுவனம் 1999 இல் சைரிக்ஸ், சென்டார் ஆகிய இரு நுண்செயலிப் பிரிவுகளை வாங்கியிருந்தது. வேகத்தில் அதன் செயலிகளால் இன்டெலுடன் போட்டியிட முடியவில்லை. ஆனால் அவை குறைந்த மின்சாரத்தில் இயங்கின, அதிகம் சூடாகவில்லை. இந்தக் குணத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் வழியாகவே சிறிய பலகை உருவானது என்று கருதலாம். 2002 இல் விற்பனைக்கு வந்த எபியா பலகைகளில் செயலி பலகையோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருந்தது. 533 மெகாஹெர்ட்ஸ் மாதிரிக்குச் செயலி விசிறிகூடத் தேவைப்படவில்லை.

இதில் கவனிக்கத்தக்கது திருகுத் துளைகளின் இடம். மினி-ஐடிஎக்ஸ் பலகையின் நான்கு துளைகளும் ஏடிஎக்ஸ் பெட்டியில் ஏற்கெனவே உள்ள நான்கு துளைகளோடு பொருந்துமாறு வைக்கப்பட்டன. பின்பக்க இணைப்புத் தகட்டின் அளவும் மாறவில்லை. ஆகவே புதிய பலகையைப் பழைய பெட்டியிலும் பூட்டலாம். இதற்கு முந்தைய ஆண்டு, 2000 இல், ஆப்பிள் நிறுவனம் பவர் மேக் ஜி4 கியூப் என்னும் அழகிய சிறு கணினியை வெளியிட்டது. அதன் பலகை அந்தப் பெட்டிக்கென்றே செய்யப்பட்டது, வேறெதிலும் பொருந்தாது. 2001 ஜூலையில் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டதோடு அதன் கதை முடிந்தது. மினி-ஐடிஎக்ஸ் பலகைக்கோ பெட்டியை யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆர்வலர்கள் பழைய வானொலிப் பெட்டிக்குள்ளும் பொம்மைகளுக்குள்ளும் தட்டச்சு இயந்திரத்துக்குள்ளும்கூட அதைப் பொருத்திக் காட்டினர்.

எனினும் நெடுநாள் இது வேகம் குறைந்த கணினி என்ற பெயரோடே இருந்தது. 2008 இல் இன்டெல் தன் ஆட்டம் செயலியுடன் இதே அளவில் மலிவான பலகை வெளியிட்டபோது விற்பனை பெருகியது. அடுத்து, 2009 வாக்கில் சோட்டாக் போன்ற நிறுவனங்கள் செயலியை மாற்றிக்கொள்ளும் குழியும் முழுநீள வரைகலைச் செருகுவாயும் கொண்ட பலகைகளைக் கொண்டுவந்தன. அதன்பின் பெரிய கணினி செய்யும் வேலையைச் சிறியதும் செய்தது.

அப்போது சிக்கல் பலகையை விட்டுப் பெட்டிக்கு மாறியது. பெட்டியின் அளவை லிட்டரில் கூறும் வழக்கமும் பரவியது. 2013 இல் இணையவழிக் கூட்டு நிதியில் உருவான என்கேஸ் எம்1 12.6 லிட்டர், பின்னர் வந்த டான் ஏ4 ஏறத்தாழ 7 லிட்டர். இத்தகைய பெட்டிகளில் வழக்கமான மின்வழங்கி இடத்தை அடைத்துவிடும் என்பதால் எஸ்எஃப்எக்ஸ் வகை பயன்படுகிறது. டான் ஏ4 பெட்டியில் வரைகலை அட்டையை நீட்டிப்பு நாடா மூலம் தாய்ப்பலகையின் பின்புறம் திருப்பி வைப்பர். செயலியின் மேல் அமரும் குளிர்விப்பானின் உயரத்தை மில்லிமீட்டர் கணக்கில் பார்த்தே வாங்க வேண்டும். வாங்கியபின் அளந்து பார்ப்பவர்தான் நம்மில் அதிகம்! வெப்பக் காற்று வெளியேற வழி இல்லையெனில் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதிகப் பணம் கொடுத்து வாங்கிய திறன் வீணாகும்.

இதைவிடச் சிறிய கணினிகளும் உண்டு. 2005 இல் வந்த மேக் மினி 16.5 செ.மீ. சதுரத்துக்குள் முழுக் கணினியையே அடக்கியது. ஆனால் 2020 இன் எம்1 மாதிரியில் நினைவகம் செயலியோடு ஒரே தொகுப்பாகிவிட்டதால், பின்னாளில் கூட்டவோ மாற்றவோ இயலாது. மினி-ஐடிஎக்ஸ் கணினியில் பழுதான ஒரு பாகத்தை மட்டும் கழற்றி மாற்றலாம். குறைந்த வருமானமுள்ள குடும்பத்து மாணவருக்கு இது சிறிய வேறுபாடு அன்று.

வியா நிறுவனமோ தான் தொடங்கிய சந்தையில் நிலைக்கவில்லை. 2021 இல் அதன் சென்டார் பிரிவின் பொறியாளர்களைத் தன்பக்கம் சேர்த்துக்கொள்ள இன்டெல் 12.5 கோடி டாலர் கொடுத்தது. 17 செ.மீ. பலகையை இன்று ஆசுஸ், கிகாபைட், எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் ஆகிய நிறுவனங்கள் தயாரிக்கின்றன. திருகுத் துளைகள் அதே இடத்தில் உள்ளன.