குடும்பத்தோடு வளைகுடா செல்வோர் கவனத்திற்கு: பிள்ளைகளின் பள்ளியை எப்படித் தேர்வு செய்வது?

ஓசூர், கிருஷ்ணகிரி, பர்கூர் வட்டாரம் சிப்காட் ஆலைகளால் வளர்ந்த பகுதி. இங்கே மோட்டார், இயந்திரம், மின்னணுத் தொழில்களில் அனுபவம் பெற்ற நம் சகோதரர்கள் பலர் அமீரகம், சவூதி, கத்தார் என்று வேலைக்குச் செல்கிறார்கள். தனியாகச் சென்று, சில ஆண்டுகளில் மனைவி மக்களையும் அழைத்துக்கொள்வோரும் உண்டு. விசா, விமான டிக்கெட், வாடகை வீடு எல்லாவற்றையும் விசாரிக்கும் நாம், பிள்ளையின் பள்ளியைக் கடைசியாகத்தான் விசாரிக்கிறோம். பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். எனவே அவர்களின் படிப்பைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

பெயர்ப் பலகையைப் பார்க்காதீர்கள்

‘இன்டர்நேஷனல் ஸ்கூல்’ என்பது ஒரு பெயர் மட்டுமே, பாடத்திட்டம் அல்ல. நம் ஊரிலேயே அந்தப் பெயரில் சிபிஎஸ்இ பள்ளிகளும் மெட்ரிக் பள்ளிகளும் உள்ளன. வளைகுடாவிலும் இந்தியப் பாடத்திட்டம், பிரிட்டிஷ் பாடத்திட்டம், அமெரிக்கப் பாடத்திட்டம், ஜெனீவாவில் 1968இல் தொடங்கப்பட்ட ஐபி என்று பல வகைகள் இருக்கின்றன. ‘நல்ல பள்ளியா?’ என்று கேட்பதற்கு முன், ‘நம் பிள்ளை பொதுத்தேர்வை எந்த நாட்டில் எழுதப்போகிறது? கல்லூரிப் படிப்பை எங்கே படிக்கப்போகிறது?’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

வேலை ஒப்பந்தம் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குத்தான் என்றால், பிள்ளை தமிழகத்துக்குத் திரும்பியே ஆக வேண்டும். அப்படிப்பட்ட குடும்பத்துக்கு சிபிஎஸ்இ பள்ளியே பொருத்தம். இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் சிபிஎஸ்இ பள்ளிகள் இயங்குகின்றன. சவூதியில் ஜித்தா, ரியாத், தம்மாம் ஆகிய நகரங்களில் இந்தியத் தூதரகத்தின் ஆதரவில் இயங்கும் இந்தியப் பள்ளிகள் உள்ளன. ஜித்தா பள்ளி 1969இல் தொடங்கப்பட்டது. ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பிரிவுகளும் அங்கே உண்டு.

பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் சேர்த்துவிட்டு, பின்னர் இந்தியாவில் டாக்டருக்குப் படிக்க வைக்க நினைப்பவர்கள், ஏ லெவலில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் பிள்ளை எடுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். ஒரு பாடம் விட்டுப்போனாலும் நீட் எழுதும் தகுதி சிக்கலாகிவிடும்.

எந்த வகுப்பில் அழைத்துச் செல்வது?

சிபிஎஸ்இ வாரியம் 9ஆம் வகுப்பிலும் 11ஆம் வகுப்பிலும் மாணவர் பெயரைப் பதிவு செய்துகொள்கிறது. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் 9 முடித்த பிள்ளையை அங்கே நேராக 10ஆம் வகுப்பில் சேர்ப்பது எளிதல்ல; பெற்றோரின் இடமாற்றம் போன்ற காரணத்துக்காக, வாரியத்தின் அனுமதியோடுதான் சேர்க்க முடியும். அனுமதி கிடைக்காவிட்டால் ஒரு வருடம் வீணாகலாம். எனவே அழைத்துச் செல்வதானால் 8ஆம் வகுப்புக்குள், அல்லது 10ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்த கையோடு அழைத்துச் செல்வதே நல்லது.

நமக்கு ஜூன் மாதம் பள்ளி திறக்கும். வளைகுடாவின் இந்தியப் பள்ளிகளில் ஏப்ரலிலேயே வகுப்பு தொடங்கிவிடும். பிரிட்டிஷ் பள்ளிகளில் ஆகஸ்ட் இறுதி அல்லது செப்டம்பர். ஜூனில் போய் இறங்கும் பிள்ளை இரண்டு மாதப் பாடத்தை இழந்த நிலையில் கோடை விடுமுறையைச் சந்திக்கும். தமிழகத்தில் 5 வயதில் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளையை, வயது போதாது என்று அங்கே ஒரு வகுப்பு கீழே அமர்த்துவதும் நடக்கும்.

செலவுக் கணக்கு

அமீரகத்தில் 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருந்தால் குடும்ப விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்ற விதி 2019இல் வந்தது. விசா கிடைப்பது வேறு, அந்தச் சம்பளத்தில் வாடகையும் இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் கட்டுவது வேறு. சவூதியில் 2017 ஜூலை முதல் குடும்ப உறுப்பினர் ஒருவருக்கு மாதம் 100 ரியால் வரி விதிக்கப்பட்டு, ஆண்டுதோறும் உயர்ந்து 2020இல் 400 ரியாலானது. அந்த விகிதப்படி மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் மாதம் 1,200 ரியால். பள்ளிக் கட்டணம், பேருந்து, சீருடை எல்லாம் இதற்கு மேல்தான்.

துபாயில் தனியார் பள்ளிகளை அரசின் கேஎச்டிஏ ஆணையம் ஆய்வு செய்து, தரவரிசையோடு அறிக்கை வெளியிடுகிறது. முகவர் சொல்வதை நம்புவதற்கு முன் அந்த அறிக்கையைப் படியுங்கள்.

மொழியும் மார்க்கக் கல்வியும்

நம் பகுதி முஸ்லிம் வீடுகள் பலவற்றில் உருது, பள்ளியில் தமிழ், கடைவீதியில் கன்னடமும் தெலுங்கும். பிள்ளைகள் இவற்றோடு இயல்பாக வளர்கிறார்கள். வெளிநாட்டில் ஆங்கிலம் மட்டுமே மிஞ்சிவிடும் ஆபத்து உண்டு. தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் 2006இல் வந்தது. அதன்படி மாநிலப் பாடத்திட்டத்தில் 10ஆம் வகுப்பு வரை தமிழ் கட்டாயமானது. பின்னர் சிபிஎஸ்இ பள்ளிகளுக்கும் 2015-16 முதல் படிப்படியாக விரிவுபடுத்தப்பட்டது. தமிழ் எழுதத் தெரியாமல் 8ஆம் வகுப்பில் திரும்பும் பிள்ளை திணறும். தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் பள்ளியைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் தினமும் அரை மணி நேரம் வீட்டில் தாயோ தந்தையோ எழுத வைக்க வேண்டும்.

அமீரகப் பள்ளிகளில் முஸ்லிம் மாணவர்களுக்கு இஸ்லாமியக் கல்வி கட்டாயப் பாடம். அரபியும் கற்பிக்கப்படுகிறது. இது நல்ல வாய்ப்பு. ஆனாலும் நம் ஊர் மக்தபில் குர்ஆன் ஓதப் பழகிய பிள்ளைக்கு, அங்கேயும் தனியாக ஓதுவதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

போகும் முன் இழப்பதையும் பாருங்கள்

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. 7ஆம் வகுப்பில் பிள்ளையை வெளிநாடு அழைத்துச் சென்று, 9இல் மீண்டும் அரசுப் பள்ளியில் சேர்த்தால் அந்த உரிமை போய்விடும். சம்பளம் குறைவாகவும் பிள்ளை படிப்பில் சூட்டிகையாகவும் இருக்கும் வீட்டில், குடும்பம் ஊரிலேயே இருப்பதும் நல்ல முடிவுதான். அதை யாரும் குறைவாக எண்ணத் தேவையில்லை.

போவதென்று முடிவானால், மாற்றுச் சான்றிதழில் கல்வித்துறை அதிகாரியின் மேலொப்பம் பெற்று, மாநில அரசு, வெளியுறவு அமைச்சகச் சான்றுகளையும் ஊரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். அமீரகம் செல்வோருக்கு அதன் தூதரக முத்திரையும் வேண்டும். சவூதி 2022இல் அப்போஸ்டில் உடன்பாட்டில் சேர்ந்ததால், அங்கே செல்வோருக்கு அந்த ஒரு முத்திரை போதும். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் ஆகியவற்றையும் வாங்கி வையுங்கள். வெளியே படித்த பிள்ளை தமிழகக் கல்லூரியில் விண்ணப்பிக்கும்போது, முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத ஒதுக்கீட்டைப் பெற இவை தேவைப்படும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக.