கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை



இந்த ஞாயிறு வரலாற்றுப் பதிவு கொஞ்சம் நீளம். பொருளும் நம் வீடுகளில் சத்தமாகப் பேசாத பொருள்தான்: கருக்கலைப்புச் சட்டத்தின் கதை. "டீச்சர், இது சட்டப்படி குத்தமா?" என்று என் பழைய மாணவிகள் சிலர் போனில் கேட்டிருக்கிறார்கள். அவர்களில் பட்டம் படித்தவர்களும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடலாம் என்று தோன்றியது. மாணவர்களும் படியுங்கள். உங்கள் வீட்டிலும் பெண்கள் இருக்கிறார்கள்.

கதை 1860-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு வெள்ளைக்காரன் இயற்றிய இந்திய தண்டனைச் சட்டம் 1862 முதல் நடைமுறைக்கு வந்தது. நம் பெரம்பலூர், உடையார்பாளையம் பகுதிகளெல்லாம் அப்போது திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் இருந்தன. அந்தச் சட்டத்தின் 312-ஆவது பிரிவு கருக்கலைப்பைக் குற்றமாக்கியது. கலைத்தவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை. வயிற்றில் அசைவு தெரிந்த பிறகு என்றால் ஏழு ஆண்டு வரை. கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளியே. தாயின் உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு செய்தால் மட்டும் விலக்கு உண்டு.

சட்டம் போட்டதால் கருக்கலைப்பு நின்றுவிடவில்லை, மறைவிடத்துக்குப் போனது. பால்ய விவாகம் செய்து, சின்ன வயதிலேயே தாலி அறுத்த பெண்கள் எத்தனை பேர் அந்தக் காலத்தில்! அவர்களில் ஒருத்தி கருவுற்றால் ஊரும் உறவும் ஒரு பக்கம், சட்டம் மறுபக்கம். எருக்கங்குச்சியையும் பச்சிலையையும் நம்பிப் போய் உயிரை விட்டவர்களுக்குக் கணக்கேது? "வயித்துவலி வந்து செத்துப்போனா" என்று பாட்டிமார் குரலைத் தாழ்த்திச் சொன்ன கதைகள் சிலவற்றுக்கு என்ன பொருள் என்று வளர்ந்த பிறகுதான் நமக்குப் புரிகிறது.

1930 வாக்கில் சென்னை மாகாணத்தில் கர்ப்பத்தடை பற்றிப் பேச்சு எழுந்தது. அதை ஆதரித்த படித்த பெரியவர்கள் பலர் சொன்ன காரணங்கள் நாட்டின் வறுமை, தாயின் உடல்நலம், பிள்ளைகளின் வளர்ப்பு. பெரியார் மட்டும் வேறு இடத்திலிருந்து பேசினார். பெண் சுதந்திரமாக வாழ்வதற்கே கர்ப்பத்தடை தேவை என்பது அவர் வாதம். பேசியது கரு உண்டாகாமல் தடுப்பதைப் பற்றித்தான் என்றாலும், இந்த வேறுபாட்டைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கருவைப் பற்றிய முடிவு நாட்டுக்காகவா, உடல்நலத்துக்காகவா, அந்தப் பெண்ணுக்காகவா? பின்னால் வந்த எல்லாச் சட்டங்களுக்கும் இதுதான் அடிப்படைக் கேள்வி.

விடுதலைக்குப் பிறகு, 1964-இல் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. தலைவர் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த சாந்திலால் ஷா. மறைவாகச் செய்யப்படும் கருக்கலைப்புகளால் பெண்கள் சாவதைப் பார்த்து, சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்று 1966-இல் குழு அறிக்கை கொடுத்தது. அடுத்த ஆண்டே இங்கிலாந்து தன் சட்டத்தைத் தளர்த்தியது. நமக்கு 312-ஐக் கொடுத்தவர்கள் நமக்கு முன்னால் மாறிக்கொண்டார்கள். இங்கே அந்த ஆண்டுகளில் மத்திய அரசில் சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாட்டுத் துறைகளைப் பார்த்தவர் ஸ்ரீபதி சந்திரசேகர். மக்கள்தொகை அறிஞர், சென்னையில் படித்தவர். பின்னாளில் நம் பக்கத்துச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார்.

1971-இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 12 வாரம் வரை ஒரு டாக்டர், 20 வாரம் வரை இரண்டு டாக்டர்கள் நல்லெண்ணத்தோடு முடிவு செய்தால் கருவைக் கலைக்கலாம். தாயின் உயிருக்கு ஆபத்து, உடலுக்கோ மனதுக்கோ கடும் பாதிப்பு, பிறக்கும் குழந்தைக்குப் பெரிய குறைபாடு வரும் அபாயம் ஆகியவை காரணங்கள். பலாத்காரத்தால் வந்த கருவும், திருமணமானவர்களுக்குக் கருத்தடை சாதனம் தவறியதால் வந்த கருவும் மனதைக் கடுமையாகப் பாதிக்கும் என்று சட்டமே ஏற்றுக்கொண்டது.

பழைய 312-ஐ எடுத்தார்களா என்றால், இல்லை. குற்றம் குற்றமாகவே இருக்க, டாக்டர் செய்தால் விலக்கு என்றார்கள். ஆக, முடிவெடுக்கும் பேனா டாக்டரின் கைக்குப் போனது. பெண்ணின் கைக்கு வரவில்லை.

ஆனால் சம்மதம் பற்றி அதே சட்டம் மிகத் தெளிவாக இருக்கிறது. 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். கணவர், மாமியார், அப்பா, அண்ணன் என்று யார் கையெழுத்தும் தேவையில்லை. 18 வயதுக்குக் குறைந்தவர், மனநலம் பாதித்தவர் என்றால் மட்டும் காப்பாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். இது 1972 முதல் இருக்கும் சட்டம், புதிதல்ல.

இனி நம் மாவட்டங்களுக்கு வருகிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அரியலூரில் 1,000 ஆண்களுக்கு 1,015 பெண்கள். பெரம்பலூரில் 1,003. பெருமையாகத்தான் இருக்கும். அதே கணக்கெடுப்பில் ஆறு வயது வரையிலான குழந்தைகளை மட்டும் பாருங்கள். 1,000 ஆண் குழந்தைகளுக்கு அரியலூரில் 897 பெண் குழந்தைகள், பெரம்பலூரில் 913. மாநில அளவு 943. பாட்டிகளும் அம்மாக்களும் நிறைய இருக்கிறார்கள், பேத்திகள் குறைந்துவிட்டார்கள். சேலத்தில் 1992-இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2011-இல் நம் இரண்டு மாவட்டங்களுக்கும் வந்தது இதனால்தான்.

ஸ்கேன் பார்த்துப் பெண் கருவைக் கலைப்பதைத் தடுக்க வந்தது வேறொரு சட்டம். 1994-இல் நிறைவேறி, 1996 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஸ்கேன் சென்டர் சுவரில் "ஆணா பெண்ணா என்று கண்டறிவது குற்றம்" என்று பலகை தொங்குகிறதே, அது இந்தச் சட்டம்தான். கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம். கர்ப்பிணியைக் கணவரோ உறவினரோதான் வற்புறுத்தியிருப்பார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது இந்தச் சட்டம். பெண் குழந்தை வேண்டாம் என்ற முடிவு பெரும்பாலும் எங்கே எடுக்கப்படுகிறது என்று அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த இரண்டு சட்டங்களையும் நம் ஊரில் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். பாலினம் பார்ப்பது குற்றம் என்பது "கலைப்பதே குற்றம்" என்று மாறிப்போகிறது. அந்தக் குழப்பத்தில் மாட்டிக்கொள்வது யார் என்று ஒரு சம்பவம் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

என் மாணவி ஒருத்தி. இரண்டு பிள்ளைகள், இரண்டும் சிசேரியன். கணவர் வளைகுடாவில் வேலை. அவர் லீவில் வந்து போன பிறகு, காப்பர் டி போட்டிருந்தும் கரு தங்கிவிட்டது. ஒன்பது வாரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனாள். கணவரின் கையெழுத்து இல்லாமல் முடியாது என்றார்கள். இன்னோரிடத்தில், "நம்ம மாவட்டத்துல இதெல்லாம் கேஸ் ஆயிடும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். கடைசியில் யாரோ கைகாட்டிய, டாக்டருக்குப் படிக்காத ஒருவரிடம் மாத்திரை வாங்கிப் போட்டாள். இரத்தப்போக்கு நிற்காமல், நடுராத்திரியில் திருச்சிக்குக் கொண்டுபோய் இரத்தம் ஏற்றி உயிரைக் காப்பாற்றினார்கள். சட்டம் அவளுக்கு எல்லா உரிமையும் கொடுத்திருந்தது. அதை அவளும் அறியவில்லை, அவளைத் திருப்பி அனுப்பியவர்களும் சொல்லவில்லை.

2021-இல் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை ஒரு டாக்டர் போதும். பலாத்காரத்துக்கு ஆளானவர், 18 வயதுக்குக் குறைந்தவர், கர்ப்ப காலத்தில் கணவரை இழந்தவர், மணவிலக்கு ஆனவர், மாற்றுத்திறனாளி போன்றோருக்கு இரண்டு டாக்டர்களின் கருத்தோடு 24 வாரம் வரை. கருவில் பெரிய குறைபாடு இருந்தால் மருத்துவக் குழு முடிவு செய்யும், அதற்கு வார வரம்பு இல்லை. "கணவர்" என்று இருந்த இடத்தில் "துணைவர்" என்று எழுதினார்கள். பெண்ணின் பெயரை வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை என்றும் சேர்த்தார்கள். 2022 செப்டம்பர் 29-இல் உச்ச நீதிமன்றம், 24 வாரச் சலுகையில் திருமணம் ஆகாத பெண்ணை ஒதுக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. கருக்கலைப்பைப் பொறுத்தவரை, கணவரின் கட்டாய உறவும் பலாத்காரமே என்றது.

18 வயதுக்குக் குறைந்த பெண் என்றால் போக்சோ சட்டப்படி டாக்டர் போலீசுக்குத் தகவல் தர வேண்டும். அதற்குப் பயந்து எத்தனையோ குடும்பங்கள் மருத்துவமனைப் பக்கமே போவதில்லை. பெண்ணும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் அந்தத் தகவலில் அவள் பெயரைச் சொல்லத் தேவையில்லை என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. குழந்தைத் திருமணம் இன்னும் முழுதாக ஒழியாத நம் பகுதிக்கு இது முக்கியம்.

2024 ஜூலை முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 312 எங்கே என்று தேடினேன். 88-ஆவது பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. எண் மாறியிருக்கிறது, பெண்ணின் முடிவு இன்னும் விலக்காகத்தான் இருக்கிறது. அது முழு உரிமையாக மாற இன்னும் எத்தனை காலம் ஆகுமோ. இப்போது இருப்பதையாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்:

1. பாலினம் பார்ப்பது எப்போதும் குற்றம். டாக்டரிடம், சட்டம் சொல்லும் காரணங்களுக்குள் கருவைக் கலைப்பது குற்றமல்ல.
2. 18 வயது நிறைந்தவருக்கு அவர் கையெழுத்து மட்டும் போதும்.
3. அரசு மருத்துவமனைக்குப் போகலாம். தனியாருக்குத்தான் தனி அனுமதி வேண்டும், அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள்.
4. நாள் கடத்த வேண்டாம். தாமதம் ஆக ஆக ஆபத்தும் கூடும், சட்டத்தில் இடமும் குறையும்.
5. யாரோ கொடுக்கும் மாத்திரையை டாக்டர் இல்லாமல் போட வேண்டாம்.

கருக்கலைப்பு சரியா தவறா என்பதில் உங்களில் பலருக்குப் பல கருத்து இருக்கும். கமெண்டில் தாராளமாகப் பேசுங்கள், மரியாதையோடு பேசுங்கள். சொந்தக் கதை எதையும் அங்கே எழுத வேண்டாம் கண்ணுகளா, போன் செய்யுங்கள். நர்சாக, ஆசிரியராக, வக்கீலாக இருக்கும் என் பிள்ளைகள் இதை உங்கள் ஊர்ப் பெண்களிடம் வாய்வழியாகச் சொல்லுங்கள். முகநூல் பார்க்காதவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை.

 அடுத்த வாரம் கங்கைகொண்ட சோழபுரம் ஏரிக்குப் போகலாம்.