சூடேறிய இலையும் சுமந்தவரின் தொழுகையும்



மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, செல்வம் ஆகிய ஐந்தையும் பாதுகாப்பதே ஷரீஅத்தின் நோக்கம் என நம் இமாம்கள் வகுத்துரைத்துள்ளனர். இவற்றுள் அறிவு நீங்கிவிட்டால் ஏனைய நான்கையும் காப்பார் இல்லை. அதனாலேயே போதை தீமைகளின் தாய் எனப்பட்டது.

இன்று நம் இளைஞர்களிடையே ஒரு வினா உலவுகிறது. கஞ்சாவைக் கொளுத்தாமல், கருவியிலிட்டுச் சூடாக்கி, ஆவியை மட்டும் உள்ளிழுத்தபின் பழுப்பு நிறத்தில் ஒரு சக்கை எஞ்சுகிறது. "சாரம் போய்விட்டது; இதை வைத்திருப்பதும் குற்றமா?" என்கின்றனர். வினா புதியதுபோல் தோன்றலாம். ஆனால் சூடேறிய இலையையும் அதைச் சுமந்தவரையும் பற்றி எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே கெய்ரோவின் மார்க்க மேதைகள் விவாதித்துள்ளனர்.

மதீனாவில் எஞ்சிய மது

முதலில் மதீனாவை நோக்குவோம். அபூதல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் இளைஞரான அனஸ் (ரலி) அவர்கள் தோழர்களுக்குப் பேரீச்சம்பழ மதுவை ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மது தடைசெய்யப்பட்டது என்ற அறிவிப்பு தெருவில் ஒலித்தது. கையிலிருந்ததைக் குடித்து முடிப்போம் என்றோ, மீதியைப் பத்திரப்படுத்துவோம் என்றோ எவரும் கூறவில்லை. எஞ்சியது முழுவதும் கொட்டப்பட்டு மதீனாவின் தெருக்களில் ஓடியது என்பதை ஸஹீஹுல் புகாரி பதிவு செய்கிறது.

அநாதைகளுக்கு வாரிசுச் சொத்தாக வந்த மதுவைக் காடியாக மாற்றிக்கொள்ளலாமா என்று அதே அபூதல்ஹா (ரலி) அவர்கள் வினவியபோதும் நபி (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை. அபூதாவூதில் இது இடம்பெற்றுள்ளது. காடியாக்குவது பற்றி ஹனஃபி இமாம்களுக்கு வேறு கருத்து உண்டு. ஆயினும் மதுவை மதுவாகவே பாதுகாத்து வைக்க அவர்களும் இடமளிக்கவில்லை. மதுவைச் சுமப்பவரும், யாருக்காகச் சுமக்கப்படுகிறதோ அவரும் சாபத்திற்குரியோர் பட்டியலில் அடங்குவர் என்ற நபிமொழியையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

கெய்ரோவில் எழுந்த வினா

ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டின் இறுதியிலும் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், தாத்தாரியர் எழுச்சியை ஒட்டி, ஹஷீஷ் எனும் கஞ்சா மக்களிடையே பரவியதாக இப்னு தைமிய்யா (ரஹ்) குறிப்பிடுகிறார்கள். முற்கால நான்கு இமாம்களின் காலத்தில் இல்லாத பிரச்சினை இது. எனவே பின்வந்த அறிஞர்களே இதை ஆய்ந்து தீர்ப்புரைக்க வேண்டியிருந்தது.

ஹிஜ்ரி 684இல் (கி.பி. 1285) மறைந்த மாலிகி மத்ஹபின் மேதை இமாம் கராஃபி (ரஹ்) அவர்கள் தமது "அல்ஃபுரூக்" நூலில் ஒரு ஃபத்வாவைக் குறிப்பிடுகிறார்கள். கஞ்சாவைத் தம்மிடம் வைத்துக்கொண்டு தொழுதவரின் தொழுகை கூடுமா என்று அக்காலச் சட்ட அறிஞர் ஒருவரிடம் கேட்கப்பட்டது. வறுப்பதற்கோ வேகவைப்பதற்கோ முன்பெனில் கூடும். அதன்பின் எனில் கூடாது என அவர் விடையளித்தார். பச்சையாக உள்ளவரை அது மற்ற இலைகளைப் போன்றதே. சூடேறிய பின்னரே அறிவை மறைக்கிறது என்பது அவர் வாதம். திராட்சைச் சாறு ஆகுமானது, அது மதுவானால் ஆகாது என்பதைப் போல.

கராஃபி அவர்கள் இதை அப்படியே ஏற்கவில்லை. அனுபவமுள்ளோரை விசாரித்தபோது, வறுக்காமலேயே அது வேலை செய்யும் என்று சிலர் கூறினர். கஞ்சா மதுவைப் போன்ற வெறியூட்டி அன்று, அறிவைக் கெடுப்பது. ஆகவே அது நஜீஸ் அன்று, அதைச் சுமந்ததால் தொழுகை முறியாது, ஆனால் உண்டு அறிவைக் கெடுத்துக்கொள்பவருக்குத் தஃஸீர் தண்டனை உண்டு என்பது அவர்களின் முடிவு. இப்னு தைமிய்யா அவர்களோ அதை மதுவின் இடத்திலேயே வைத்து, ஹத் தண்டனைக்குரியது என்றார்கள். ஷாஃபிஈ அறிஞர் இமாம் ஸர்கஷீ (ரஹ், மறைவு ஹி. 794) அவர்கள் இதன் தடையை விளக்கவே "ஸஹ்ருல் அரீஷ்" எனும் தனி நூலை எழுதினார்கள்.

சகோதரர்களே! கருத்து வேறுபாடு எங்கே இருந்தது என்பதைக் கவனியுங்கள். அது நஜீஸா, தண்டனை எது என்பவற்றில்தான். அறிவைக் கெடுக்க அதைப் பயன்படுத்துவது ஹராம் என்பதில் அவர்கள் ஒன்றுபட்டிருந்தனர். நஞ்சும் நஜீஸ் அன்று. அதற்காக எவரும் அதை உண்பதில்லை. தூய்மை வேறு, ஆகுமை வேறு.

ஆட்சியின் தண்டனை

வரலாற்றாசிரியர் மக்ரீஸீ தரும் செய்தியின்படி, ஹிஜ்ரி 780 அளவில் அமீர் ஸூதூன் ஷைகூனி கெய்ரோவில் கஞ்சாச் செடிகளை அழித்தார். உண்டோரின் கடைவாய்ப் பற்களைப் பிடுங்கித் தண்டித்தார். ஆயினும் ஹிஜ்ரி 795இல் பக்தாத் சுல்தான் அஹ்மத் இப்னு உவைஸ் கெய்ரோ வந்தபின் அப்பழக்கம் மீண்டும் வெளிப்படையாயிற்று. உள்ளத்தில் இறையச்சம் வேரூன்றாத இடத்தில் கடுமை மட்டும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நிலைக்கவில்லை.

இன்றைய சட்டம்

1925ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையில் கஞ்சாவும் இடம்பெற வேண்டுமென வற்புறுத்தியது எகிப்து நாடே. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், பூவும் காயும் கொண்ட நுனிப் பகுதியைக் கஞ்சா என வரையறுக்கிறது. நுனியுடன் சேராத இலைக்கும் விதைக்கும் மட்டுமே விலக்களிக்கிறது. ஒருமுறை சூடாக்கியது என்பதற்கு அதில் விலக்கு ஏதுமில்லை. ஒரு கிலோ வரையிலான சிறிய அளவுக்கே ஓராண்டு வரை கடுங்காவல் அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். கலவையில் போதைச் சத்தை மட்டும் பிரித்து எடையிடுவதன்று, கலவையின் முழு எடையே கணக்கு என 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. சூடாக்கியபின்னும் சத்தில் ஒரு பகுதி சக்கையில் தங்கியிருக்கிறது என்பதே உண்மை. "வெறும் சக்கை" என்ற சொல் காவல் நிலையத்தில் நம் பிள்ளையைக் காக்காது.

மறுமையிலும் காக்காது. சக்கையைச் சேமிப்பவர் ஏன் சேமிக்கிறார் என்பதை அவர் உள்ளம் அறியும். அதைப் படைத்தவன் அதைவிட நன்கறிவான். பெற்றோர்களே, பிள்ளைகளைக் கண்காணியுங்கள். சிக்கியவரை வெறுத்து ஒதுக்காமல் மருத்துவரிடமும் பள்ளிவாசலுக்கும் அழைத்துச் செல்லுங்கள். இளைஞர்களே, எஞ்சியிருப்பதை இன்றே கொட்டிவிடுங்கள். மதீனாவின் தெருக்களில் ஓடியது மது மட்டுமன்று. ஒரு சமுதாயத்தின் பழைய வாழ்வும் அதனுடன் ஓடி மறைந்தது.

அத்தகைய உறுதியை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.