மதிலுக்கு முன் உரிமம்

திறமூல ஃபயர்வால் தேடுபவர்கள் பெரும்பாலும் வசதிகளைத்தான் ஒப்பிடுகிறார்கள். முதலில் படிக்க வேண்டியது உரிமத்தை என்கிறது இக்கருவிகளின் வரலாறு. 2001 மே மாதம் ஓபன்பிஎஸ்டி இயங்குதளம், தான் நம்பியிருந்த ஃபயர்வாலான ஐபிஃபில்டரைக் கைவிட்டது. மூலநிரல் கண்ணெதிரே இருந்தும், அதைத் திருத்தி வெளியிடும் உரிமை உறுதியாக இல்லை. அந்த இடத்துக்கு டேனியல் ஹார்ட்மையர் எழுதிய பிஎஃப், அதே ஆண்டு டிசம்பரில் 3.0 பதிப்புடன் வந்தது. விதி எழுதும் முறை பழையதை ஒட்டியே இருந்தது: கடைசியாகப் பொருந்தும் விதியே செல்லும், 'குயிக்' என்று குறித்த விதி பொருந்தினால் அங்கேயே முடிவு. ஐபிஃபில்டரில் பழகியவர்களுக்குப் புதிதாகக் கற்க வேண்டியது குறைவு.

நிரலைத் திறந்து வைத்தால் தாக்குபவருக்கும் வழி தெரியாதா என்பது நியாயமான கேள்வி. 2014இல் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நிரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் பிழை, திறந்திருப்பது மட்டுமே காவலாகாது என்று உணர்த்தியது உண்மைதான். ஆனால் அந்த நிரலைக் கையிலெடுத்துச் சீரமைத்து லிப்ரெஎஸ்எஸ்எல்லாகத் தொடர ஓபன்பிஎஸ்டியினருக்கு வழிவிட்டதும் அதே திறந்த உரிமம்தான். வலையமைப்புக் கண்காணிப்புக் கருவியான ஈத்தரியலின் கதையும் இதையே சொல்கிறது. அதை உருவாக்கிய ஜெரால்ட் கூம்ஸ் 2006இல் வேலை மாறியபோது, பெயர் பழைய நிறுவனத்திடமே நின்றது. ஜிபிஎல் உரிமம் இருந்ததால் நிரல் வயர்ஷார்க்காக வளர்ந்தது. எனவே தேர்வு செய்பவர் இரண்டைக் கேட்க வேண்டும்: நிரலைக் கிளை பிரித்துத் தனியே தொடர உரிமம் இடம் தருகிறதா? பராமரிக்க ஆட்கள் இருக்கிறார்களா? வசதிகளின் ஒப்பீடு அதன் பிறகுதான்.