மானிகளுக்கு முன்னே ஒரு மனிதன்

1942 ஏப்ரல் 9. மட்டக்களப்புக் கடலில் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் மூழ்கியதைச் சென்ற வாரம் பார்த்தோம். அதே நாள் காலையில் திருகோணமலையின் சீனக்குடா விமானத்தளமும் யப்பானியக் குண்டுகளுக்கு இரையானது. இரண்டு ஆண்டுகள் கழித்து, அந்தத் தளத்திலிருந்தே பதிலடி கிளம்பியது.

குருக்கள்மடத்துக் கடற்கரையில் நின்று தென்கிழக்கே பாருங்கள். சுமாத்திரா வரை தண்ணீர்தான். அந்தத் தீவின் மறுபுறம் பலெம்பாங். யப்பானியப் படைகளுக்கு எரிபொருள் வடித்துக் கொடுத்த ஊர். 1944 ஆகஸ்ட் 10 மாலை, 54 அமெரிக்க பி-29 விமானங்கள் அதை நோக்கிப் பறந்தன. போக வர 3,800 மைலுக்கு மேல்.

விமானிகளைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். துணை விமானிக்குப் பின்னால், வால்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த விமானப் பொறியியலாளரைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. விமானம் போகும் திசை அவர் கண்ணில் படாது. அவர் முன்னால் இருந்தவை நான்கு எஞ்சின்களின் மானிகள்.

அந்த எஞ்சின்கள் பொல்லாதவை. ஒவ்வொன்றிலும் 18 சிலிண்டர்கள், இரண்டு வரிசையாக. பின்வரிசைக்குக் காற்றுப் போதாமல் கொதித்துவிடும். மக்னீசியப் பாகங்களில் தீப்பிடித்தால் அணைப்பது அரிது. சூடு தணிக்க எஞ்சினைச் சுற்றியுள்ள மடல்களைத் திறக்கலாம். திறந்தால் எதிர்காற்று இழுக்கும், பெற்றோல் கூடுதலாக எரியும். மூடினால் எஞ்சினே எரியும். இரண்டுக்கும் நடுவே, மயிரிழை பிசகாமல், இரவு முழுக்க அவர் கை ஓயவில்லை. குண்டறையிலும் பெற்றோல் தாங்கிகளை ஏற்றியிருந்ததால் விமானத்துக்குச் சுமார் ஒரு தொன் குண்டுதான். அவ்வளவு பெற்றோலையும் தாங்கிக்குத் தாங்கி மாற்றி, எடை குறையக் குறைய எஞ்சின் வேகத்தையும் இறக்கி, சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடிக்க வேண்டும். இருட்டில், கடலுக்கு மேலே, பன்னிரண்டு மணி நேரம் கடந்தும் கணக்குத் தப்பாத அந்த நிதானத்தையே நான் வீரம் என்பேன்.

39 விமானங்கள் இலக்குப் பகுதியை எட்டின. 31 விமானங்கள் சுத்திகரிப்பு ஆலையைத் தாக்கின. எட்டு விமானங்கள் மேகத்துக்குக் கீழே இறங்கி மூசி ஆற்றில் கண்ணிவெடிகளைப் போட்டன.

திரும்பும் வழியில் ஒரு விமானத்தின் தாங்கிகள் வறண்டன. சீனக்குடாவுக்கு இன்னும் 90 மைல். கடலில் இறங்குமுன் ஆபத்துச் செய்தி போய்ச் சேர்ந்தது, தேடல் தொடங்கியது. ஆகஸ்ட் 11 இரவும் கவிந்துவிட்டது. விழுந்தவர்கள் இன்னும் கிடைக்கவில்லை.

(தொடரும்)