சாவா மூவாப் பேராடும் ஒரு வங்கி முறிவும்

கல்வெட்டுகளோடு பழக்கமுள்ளவர்களுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்னும் தொடர் புதிதன்று. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள் கொடையாக விடப்படும். அவற்றை ஏற்றுக்கொண்டவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகாதா, மூப்படையாதா என்று வகுப்பில் மாணவர்கள் சிரிப்பதுண்டு. ஆடு சாகும், கணக்கில் உள்ள 96 என்னும் எண் சாகக்கூடாது. செத்த ஆட்டின் இடத்தைக் குட்டி நிரப்ப வேண்டும், முதல் குறையாமல் அதன் பயன் மட்டும் விளக்குக்குப் போய்ச்சேர வேண்டும் என்பதே உடன்பாடு. வங்கி என்ற சொல்லே தமிழில் புழங்காத காலத்தில் வங்கியின் உள்ளறத்தை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொல்லியிருக்க முடியாது.

பொன்னுக்கும் இதே நெறிதான். இராசராசனின் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில், கோயிலுக்கு வந்த காசு ஊர்ச்சபைகளிடம் பொலிசைக்கு விடப்பட்ட செய்தி விரிவாக உள்ளது. ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு பொலிசை. இன்றைய கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை. குறைந்த வட்டி என்று சொல்லமாட்டோம். ஆனால் யார் கொடுத்தது, யார் பெற்றது, எவ்வளவு, எதற்கு என்பதெல்லாம் போவோர் வருவோர் பார்க்கும் சுவரில் வெட்டப்பட்டிருந்தன. கணக்கு வெளிச்சத்தில் இருந்தது. அக்கணக்கு இருட்டுக்குப் போனபோது என்ன நேர்ந்தது என்பதற்குச் சென்னை நகரத்திலேயே ஒரு பெரிய சான்று உண்டு.

1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை. அர்பத்நாட் கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது என்ற செய்தி சென்னையைக் கலக்கியது. பாரி, பின்னி, அர்பத்நாட் ஆகிய மூன்றும் அக்காலச் சென்னை வணிகத்தின் மூன்று தூண்களாக எண்ணப்பட்டவை. வணிக நிறுவனமாகத் தொடங்கிய அர்பத்நாட், காலப்போக்கில் மக்களிடம் வைப்புத்தொகை வாங்கும் வங்கியாகவும் நடந்துவந்தது. ஓய்வு பெற்ற அலுவலர்கள், வக்கீல்கள், விதவைகள், சிறு நிலக்கிழார்கள் எனப் பலதரப்பட்டவர்களும் அதில் பணம் போட்டிருந்தனர். அவர்கள் எவரும் அந்த நிறுவனத்தின் கணக்கைப் பார்த்தவர்கள் அல்லர். பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. வெள்ளைக்காரன் கம்பெனி, நூறாண்டுப் பெயர், தலைவரோ சர் பட்டம் பெற்ற ஜார்ஜ் அர்பத்நாட். இதற்கு மேல் என்ன பிணை வேண்டும்?

உண்மையில் சென்னையிலிருந்த பணம் இலண்டனில் அழிந்துகொண்டிருந்தது. அங்கே கூட்டாளியாக இருந்த மக்ஃபேடியன் ஊகவணிகத்தில் பெருந்தொகையை இழந்திருந்தார். முறிவு வெளிப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு அவர் இலண்டன் சுரங்க இரயில் முன் விழுந்து உயிரை விட்டார். இங்கே ஜார்ஜ் அர்பத்நாட் மீது வழக்கு நடந்து, பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. ஆளும் இனத்தைச் சேர்ந்த சீமான் ஒருவர் இந்தியர் பணத்தை இழந்ததற்காகச் சிறை சென்றது அன்று சிறிய செய்தியன்று. ஆயினும் தண்டனையால் எவருடைய பணமும் திரும்பவில்லை. பின்னி கம்பெனியும் அதே ஆண்டில் தடுமாறியது. பின்னர் இஞ்ச்கேப் பிரபு எனப்பட்ட ஜேம்ஸ் மெக்கேயின் கைக்குப் போய்ப் பிழைத்தது.

இந்த முறிவுக்கு ஆறு நாள் முன்புதான், அக்டோபர் 16 அன்று, தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்திருந்தார். வெள்ளையர் வணிகத்துக்கு மாற்று ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அப்போது காற்றிலேயே இருந்தது. சென்னையில் அந்த எண்ணத்தை வங்கியாக்கியவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். வைப்பாளர்களுக்காக வழக்காடிய அவ்வக்கீலே, இனி நம்மவர் நடத்தும் வங்கி வேண்டும் என்று முன்னின்று பங்கு திரட்டினார். செட்டிநாட்டிலிருந்து இராமசாமிச் செட்டியார் போன்றோர் துணைநின்றனர். 1907 மார்ச் 5 அன்று பதிவான இந்தியன் வங்கி, அவ்வாண்டு ஆகஸ்ட் 15 அன்று கதவைத் திறந்தது. அந்த நாளுக்கு அப்போது வேறு பொருள் ஏதும் இல்லை.

இலக்கிய வாசகர்களுக்காக ஓர் இடைக்குறிப்பு. கிருஷ்ணசாமி ஐயர் அரசியலில் மிதவாதி. ‘இந்தியா’ இதழில் பாரதி மிதவாதிகளைச் சாடிக்கொண்டிருந்த காலம் அது. அப்படியிருந்தும் 1907இல் பாரதியின் தேசியப் பாடல்களைக் கேட்டு உருகி, தம் செலவிலேயே சிறு வெளியீடாக அச்சிட்டு ஆயிரக்கணக்கில் இலவசமாக வழங்கினார். ஒரே மனிதர் ஒரே ஆண்டில் ஒரு வங்கியையும் ஒரு கவிஞனையும் தமிழ்நாட்டின் முன் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டாவதை நினைவில் வைத்திருக்கும் நாம் முதலாவதை மறந்துவிட்டோம்.

அர்பத்நாட் முறிந்து சரியாக ஓராண்டு கழித்து, 1907 அக்டோபர் 22 அன்று, நியூயார்க்கில் நிக்கர்பாக்கர் டிரஸ்டு பணம் கொடுக்க இயலாமல் கதவை மூடியது. அதன் அதிர்ச்சியில் பிறந்த சிந்தனையே 1913இல் அமெரிக்காவின் மைய வங்கியாக உருக்கொண்டது. அங்கே அரசு ஒரு காவல் அமைப்பைத் தேடியது. இங்கே ஆட்சி அந்நியருடையது. ஆகவே மக்கள் தங்கள் வங்கியைத் தேடினார்கள். தேடல் நியாயமானதே. ஆனால் ‘நம்மவர்’ என்பது மட்டும் பிணையாகிவிடாது என்பதும் விரைவிலேயே தெரிந்தது. சுதேசிப் பெருமையோடு தோன்றிய இலாகூர் பீப்பிள்ஸ் வங்கி 1913இல் விழுந்தது; அதைத் தொடர்ந்து நாடெங்கும் சிறு வங்கிகள் வரிசையாகச் சாய்ந்தன. வெள்ளைத் தோலை நம்பியதும் கதராடையை நம்பியதும் கணக்கைப் பாராமல் ஆளைப் பார்த்த ஒரே பிழையின் இரு முகங்கள் என்றே நமக்குப் படுகிறது.

ரிசர்வ் வங்கி 1935இல் வந்த பின்னும் கதை முடியவில்லை. 1938இல் திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி முறிந்தது. திவான் சர் சி.பி. இராமசாமி ஐயரின் பகைமையும் அதில் கலந்திருந்தது என்பது இன்றளவும் பேசப்படுவது. 1960இல் பாலா சென்ட்ரல் வங்கி மூடப்பட்டபோதுதான், வைப்பாளருக்குக் காப்பீடு வேண்டும் என்ற சட்டம் அடுத்த ஆண்டு வந்தது. 1962இல் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை காப்பு. 2020 முதல் அது 5 லட்சம். அர்பத்நாட் விதவைகளுக்கும் இந்தச் சட்டத்துக்கும் இடையே ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஓடியிருந்தன.

அந்தக் காப்பு வங்கிக்கு மட்டுமே உரியது. பதிவில்லாமல் நடக்கும் ஏலச்சீட்டுக்கு இல்லை. அரும்பாவூரில் இருந்துகொண்டு இதை எழுதும்போது நமக்கு உறுத்துவது இதுதான். பச்சைமலை அடிவாரத்து இவ்வூரில் கோயில் வாகனமும் தெய்வ உருவமும் செதுக்கும் மரச்சிற்பிகள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். 2020இல் அவர்கள் கலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அவர்கள் தொழிலே முன்பணத்தில் நடப்பது. கோயிலார் கொடுக்கும் முன்பணத்தில் வாகை மரம் வாங்கி, மாதக்கணக்கில் உளி பிடித்து, திருவிழாவுக்கு முன் வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் சீட்டு நடத்தினார். ஊர்க்கோயில் திருப்பணிக்கு முதல் நன்கொடை அவருடையதாகவே இருக்கும். கல்வெட்டில் பெயர் பொறித்திருக்கும். நாமும் ஒரு சீட்டுக் கட்டினோம். வரலாறு படித்துச் சொல்லும் நாமும் அவருடைய பேரேட்டைக் கேட்கவில்லை. ஒரு காலையில் அவர் வீடு பூட்டியிருந்தது.

நமக்குப் போனது சில மாதச் சம்பளம். நமக்குத் தெரிந்த சிற்பி ஒருவருக்குப் போனது, ஒரு கோயிலார் குதிரை வாகனத்துக்குக் கொடுத்திருந்த முன்பணம். மரம் வாங்கும்வரை சீட்டில் இருக்கட்டும் என்று அவர் போட்டுவைத்திருந்தார். கோயிலாரிடம் அவர் எதையும் சொல்லவில்லை. கடன் வாங்கி மரம் எடுத்தார். வாகனம் கொடியேற்றத்துக்கு நான்கு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தக் கடனுக்கு அவர் இன்னும் மாதாமாதம் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.