கூட ஓடியவர்கள்

1932 ஜூன் 13. இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் கெசிக் என்றொரு சிற்றூர். அங்கே விருந்தினர் விடுதி நடத்திவந்த பாப் கிரஹாம், ஊர் நடுவே இருக்கும் மூட் ஹால் வாசலிலிருந்து கிளம்பினார். காலில் டென்னிஸ் ஷூ, மேலே பைஜாமா சட்டை. சாப்பிட ரொட்டி, வெண்ணெய், அரைவேக்காட்டு முட்டை, பழம், மிட்டாய். 42 சிகரங்களைத் தொட்டுவிட்டு அதே வாசலுக்குத் திரும்பியபோது 23 மணி 39 நிமிடம் ஆகியிருந்தது. தூரம் சுமார் 106 கிலோமீட்டர். ஏறிய உயரத்தை எல்லாம் கூட்டினால் ஏறக்குறைய 8,200 மீட்டர், எவரெஸ்ட்டுக்குக் கொஞ்சம்தான் குறைவு.

பொதுவாக இதைத் தனிமனித சாகசமாகத்தான் சொல்வார்கள். ஆனால் கிரஹாம் தனியாகப் போகவில்லை. நண்பர்கள் வழியைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு, மாறி மாறிக் கூட ஓடினார்கள். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமே அதுதான்.

அதன்பின் 28 வருடம் யாராலும் அதை 24 மணி நேரத்துக்குள் முடிக்க முடியவில்லை. 1960இல்தான் ஆலன் ஹீட்டன் 22 மணி 18 நிமிடத்தில் முடித்தார். 1971இல் ஃப்ரெட் ரோஜர்சன் முயற்சியில் பாப் கிரஹாம் கிளப் உருவானது. பரிசுப்பணம் கிடையாது. உறுப்பினராக வேண்டுமென்றால் 24 மணி நேரத்துக்குள் சுற்றி வரணும். ஒவ்வொரு சிகரத்திலும் கூட ஒரு சாட்சி இருக்கணும். தனியாக ஓடி முடித்தால் சேர்க்கமாட்டார்கள்.

கையில் ஜிபிஎஸ் வாட்ச் இருக்கும் காலத்தில் சாட்சி எதுக்கு? லாக் இருந்தா போதும், ஆள் வேண்டாம் என்பது என் தொழிலின் புத்தி. ஆனால் கூட ஓடுபவர் சாட்சி மட்டும் இல்லை. தண்ணீரும் சாப்பாடும் சுமப்பவர், மூடுபனியில் வழி பார்ப்பவர், நேரத்தைக் கணக்குப் பண்ணிச் சொல்பவர். ஓடுபவர் சாப்பிட முடியாது என்று அடம்பிடித்தால் திட்டி ஊட்டுவதும் அவர் வேலைதான். இப்படி உதவி வாங்கி முடித்தவர், பிறகு இன்னொருவருக்காக ராத்திரி மலையேறுகிறார். வாங்கிய கடனை, கொடுத்தவரிடமே திருப்பித் தரவேண்டியதில்லை. அடுத்து வருபவருக்குத் தந்தால் போதும்.

ஐடி ஆபீஸ்களில் நடக்கும் 'டீம்' நடைப்போட்டிகளோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு எண்ணிக்கை. கடைசியில் ஆப் எல்லாவற்றையும் கூட்டி டீம் என்று காட்டும். ஒருத்தர் வேகத்துக்காக இன்னொருத்தர் நடையைக் குறைக்க வேண்டிய தேவையே வராது.

1982இல் பில்லி பிளாண்ட் என்ற உள்ளூர்க்காரர் 13 மணி 53 நிமிடத்தில் முடித்தார். 36 வருடம் நின்ற சாதனை அது. 2018 ஜூலையில் ஸ்பெயின் நாட்டவரான கிலியன் ஜோர்னே வந்தார், மலை ஓட்டத்தில் உலகப் பிரபலம். அவரும் ஊர் வழக்கப்படிதான் ஓடினார். லேக் டிஸ்ட்ரிக்ட் ஓட்டக்காரர்கள், தங்கள் ஊர்க்காரரின் சாதனை உடையப்போகிறது என்று தெரிந்தே அவருக்கு வழிகாட்டினார்கள். நேரம் 12 மணி 52 நிமிடம். மூட் ஹால் வாசலில் அவரை வரவேற்க பில்லி பிளாண்டே வந்திருந்தார்.

கிளப்பில் இப்போது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். அவர்களில் ஒருவர்கூட அந்த 42 சிகரங்களுக்கும் தனியாகப் போய்வந்து சேர்ந்தவர் இல்லை.